கால் பட்ட காகிதம்

காலை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால், மலைமேல் போகும் வெள்ளிமலை பஸ் கிடையாது என்றார்கள். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். முந்தின ராத்திரி வழியில் ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்களாம். கல்வராயன் மலைப் பள்ளிக்குப் போகவேண்டிய ஓவியக் காகிதம் ஏற்கெனவே மறியலால் கீழே தங்கிவிட்டிருந்தது. மறுநாள் பிற்பகல் கள்ளக்குறிச்சியில் பள்ளிப் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி. விருத்தாசலத்தில் டிராயிங் மாஸ்டரான நான் மூன்று நடுவர்களில் ஒருவன். அந்த மலை வகுப்பைப் பற்றி நல்லபடியாகக் கேள்விப்பட்டிருந்ததால், நானே கொண்டுபோகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மரவள்ளி ஏற்றப் போன ஜீப்பில் பத்து ரூபாய்க்கு இடம் கிடைத்தது. மரம் கிடந்தால் இறங்கித் தள்ளவேண்டும் என்பது டிரைவரின் நிபந்தனை. கச்சிராயபாளையத்துக்கு முன்னால் கரும்புக் காட்டு வழியாகச் சுற்றினோம். இரண்டு முறை தள்ளினேன். அப்புறம் மலை ஏற்றம்.

பதினொரு மணிக்குப் பள்ளி. ஓவிய அறையில் மேசையும் இல்லை, பெஞ்சும் இல்லை. உட்கார்ந்த பிள்ளைக்கு வெளியே தெரியும்படி தாழ்வான ஜன்னல்கள். சிமெண்டுத் தரை முழுக்கப் பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கரியாலும் சுண்ணாம்புக் கட்டியாலும் தரையிலேயே வரைந்துகொண்டிருந்தார்கள். செல்லம்மாள் என்ற பெண் வரைந்த மாடு சரிவில் வழுக்காமல் நான்கு காலையும் ஊன்றி நின்றது. அதன் வால் பக்கத்துப் பையனின் இடம்வரை போயிருந்தது. அப்படியொரு மாட்டை வரைய எனக்கு வராது.

டீச்சர் ஆரோக்கியமேரி சங்கராபுரத்துக்காரர். கண்காட்சியில் ஒரு பரிசாவது வாங்கினால்தான் அறை அவருக்கு. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அரிசி மூட்டைக்கு என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டாராம். அவரையும் குறை சொல்ல முடியாது. தாழ்வாரத்தில் நனையும் அரிசி அந்தப் பிள்ளைகளின் மதியச் சோறு.

ஆளுக்கு இரண்டு தாள்தான், அழுக்காக்காமல் வரையுங்கள் என்று சொல்லிக் காகிதத்தைக் கொடுத்தேன். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்து நேராக உட்கார்ந்துவிட்டார்கள். அரைமணியில் எல்லாத் தாளிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னை. வந்த வழியில் மலைமேல் ஒரு தென்னையைக்கூட நான் பார்க்கவில்லை. செல்லம்மாளின் தாளும் அப்படியேதான் இருந்தது. எனக்குத் துக்கமாகிவிட்டது.

"வெள்ளத் தாளப் பாத்தாலே பயந்துக்கினு ஒக்காந்துருதுங்க சார்," என்றார் டீச்சர்.

மிச்சத் தாள்களைத் தரையில் பரப்பி, அவற்றின்மேல் ஓடச் சொன்னார். பிள்ளைகள் கூச்சலிட்டபடி ஓடினார்கள். தாளெல்லாம் செம்மண் பாதம். பிறகு குப்புறப் படுத்தார்கள்; செல்லம்மாளின் மாடு திரும்பி வந்தது. சாயங்காலம் இரண்டு வகைப் படங்களையும் சுருட்டிக்கொண்டு டீச்சரும் என்னோடு ஜீப்பில் இறங்கினார்.

மறுநாள் மற்ற இரண்டு நடுவர்களும் மாட்டை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. கால் பட்ட காகிதத்துக்கா பரிசு என்றார்கள். தொண்டை வறளப் பேசிப் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்று என்று தோற்றேன். ஆனால் இரண்டாம் பரிசு செல்லம்மாளுக்கே வந்தது, அந்த இரண்டு மலைக்கும் சூரியனுக்கும். ஒரு கலர் டப்பா.

வெளியே காத்திருந்த டீச்சரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"ரூமு தப்பிச்சிதுங்க, அது போதும். ஆனா இதுக்குத்தான் பிரைசுன்னு அந்தப் புள்ளகிட்ட எப்பிடிங்க சொல்றது? அப்பறம் சாவற வரைக்கும் மலையும் சூரியனுமே போட்டுக்கினு கெடக்கும்."

சின்னசேலத்தில் ரயிலைப் பிடிக்க நான் கிளம்பவேண்டிய நேரம். எழுந்துவந்து வழியனுப்பும்போது மெதுவாகச் சொன்னார்:

"மாட்டுக்குத்தான் குடுத்தாங்கன்னு சொல்லப்போறேன். நீங்க காட்டிக் குடுத்துராதீங்க சார்."

அன்று முதல் யார் கேட்டாலும் நானும் அப்படித்தான் சொல்லிவருகிறேன்: அந்த வருஷம் இரண்டாம் பரிசு மாட்டுக்கு.