ஆறு காட்டிய இடம்

போன வாரம் வெள்ளிமலைக்குப் போன பேருந்து அடிவாரத்தில் நின்றபோது, சாலையோரக் கடையில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, வெந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. எனக்கு இரும்புத் தகடு ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீயொலிக் கருவி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆலை ஆலையாகத் திரிந்தேன். தகட்டை அறுக்காமல், துளைக்காமல் அது எத்தனை மில்லிமீட்டர் கனம் என்று சொல்லும் வேலை. காதுக்குக் கேட்காத ஒலியை ஒரு பக்கத்திலிருந்து அனுப்பினால் மறுபக்கம் வரை போய்த் திரும்பும். போய்வந்த நேரத்தை வைத்துக் கருவி கனத்தைக் காட்டும். கருவிக்கும் தகட்டுக்கும் நடுவில் துளிக் காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது என்பதால் தகட்டில் ஒரு பசை தடவ வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில்தான் முதன்முதலாகத் தனியாக வேலை பார்த்தேன். இரண்டாம் நாளே பசை தீர்ந்துவிட்டது. மூடாமல் வைத்துக் கொட்டிவிட்ட புத்திசாலி யார் என்று கேட்காதீர்கள். சாறு காய்ச்சும் பெரிய இரும்புக் கலங்களை அங்கே வெசல் என்பார்கள். அவற்றுக்குள் இறங்கிப் படிவைச் சுரண்டும் செல்வி, கருணாபுரத்துக்காரர், நான் முழிப்பதைப் பார்த்துவிட்டார்.

“இன்னாங்க, பசைதான வேணும்? கெழங்கு மாவுல கிண்டித் தரட்டா?”

ஜவ்வரிசி ஆலைகள் உள்ள ஊரில் மாவுக்கா பஞ்சம்? டீக்கடை அடுப்பில் கிண்டிய கூழ் கட்டியில்லாமல் வந்தது, அருமையாக வேலையும் செய்தது. மறுநாள் நான் அளந்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது மட்டும்தான் தொல்லை.

புதிதாக இருந்தபோது ஆறு மில்லிமீட்டர் கனமிருந்த தகடு அது. பல வருட ஓட்டத்தில் ஐந்தாகத் தேய்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் ஓரிடம் மட்டும் ஆறு காட்டியது. சந்தோஷமாகச் சாக்பீஸால் பெரிதாக எழுதிவிட்டு, அறிக்கையில் கையெழுத்தும் போட்டு ஆலைப் பொறியாளரிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை வெசலுக்கு நீராவி விடுவதாக இருந்தார்கள்.

“ஆறுன்னா நல்லதுங்களா?” என்று செல்வி கேட்டார்.

“அந்த எடம் தேயவே இல்லன்னு அர்த்தம்.”

“உள்ள அந்த எடத்துல குழியா இருக்குதேங்க. சுரண்டுனா கை உள்ள எறங்குது.”

“மெஷின் தப்பா காட்டாதுங்க.”

“சரிங்க. சீசன்ல அதுங்கீழதான் நின்னுக்கினு இருப்பேன். அதான் கேட்டேன்.”

மெஷின் தப்பாகக் காட்டாதாம். அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தகடு ரொம்ப மெலிந்துவிட்டால், கருவி முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். அது இரண்டு தடவை போய்வந்த ஒலி என்பதால் மூன்று என்பது ஆறு என்று தெரியும். பயிற்சியில் படித்ததுதான். நல்ல எண்ணைக் கண்ட குஷியில் மறந்திருந்தேன். ஓடிப்போய், மெல்லிய தகட்டுக்கான முனையை மாட்டி மறுபடி வைத்தேன். மூன்றே மூன்று.

மேலே கொதிக்கும் சாறு, கீழே செல்வி. என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பொறியாளர் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். தனியாகச் செய்த முதல் வேலை, அதுவே கடைசி வேலை ஆகிவிடும் என்று நிச்சயமாக நம்பினேன்.

“சார், நான் தப்பா அளந்துட்டேன்.”

அவர் அறிக்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நாளைக்குச் சொல்லாம இன்னிக்கே சொன்னீங்களே,” என்றவர், வெல்டரைக் கூப்பிடச் சொன்னார். அறுத்தெடுத்த துண்டைச் செல்வி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுங்களா ஆறு?” என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கண் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து எந்த ஆலைக்குப் போனாலும், உள்ளே இறங்கிச் சுரண்டியவர்களிடம் பேசாமல் நான் பையைத் திறப்பதில்லை. எங்கள் படிவத்தில் இப்போது அதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. அந்த வெசல் பழைய இரும்புக்குப் போய்விட்டது. எதிரொலியை அலையாகவே திரையில் காட்டும் கருவிகள் வந்துவிட்டன, கூழ் கிண்டுவாரும் இல்லை. அவற்றோடு, ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லவிடாமல் என்னை அந்த வாசலில் நிறுத்திவைத்த பயமும் போய்விட்டது. அது எங்கே போனது என்று நான் தேடவில்லை.