வளைவில் ஊதாத சங்கு

தூர்வாரும் பொறியாளர் சங்கத்தைக் கொபாதான் நடத்தினார். தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். ஸ்லீட்ரெக்ட் என்ற டச்சு ஆற்றோர ஊரில் சங்க அலுவலகம் என்பது கொபாவும் ஒரு அறையும், அடிக்கடி மக்கர் செய்யும் காப்பி இயந்திரமும்.

அவருக்கு வருஷம் மாதங்களாக ஓடவில்லை, கூட்டங்களாக ஓடியது. ஜனவரியில் புத்தாண்டு வாழ்த்து. கரண்டியை நட்டால் நிற்கிற பட்டாணி சூப்பை அவரே கிளறுவார். மார்ச்சில் டெல்ஃப்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தோற்றவர்களுக்கும் ஆப்பிள் கேக் உண்டு. இலையுதிர் காலத்தில் இரண்டு நாள் கருத்தரங்கு. வெளிநாட்டு விருந்தாளிகளின் பெயர் வாயில் வருவதற்காக, முந்தின நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே உரக்கச் சொல்லிப் பார்ப்பார். டிசம்பரில் பொதுக்குழு, சண்டை, ஜெனீவர் மதுக் கோப்பையோடு சமாதானம்.

நடுவில் ஜூன் மாத ஆற்றுப் பயணம். உறுப்பினர்கள் படகில் ஏறி, கீழ்க்கூடத்தில் உரை கேட்டபடி மெர்வெடே ஆற்றில் மேலே போவார்கள். வேலை நடக்கிற இடத்தில் இறங்கி மண் அள்ளும் கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அந்த வருஷத்துப் புது ஹெர்ரிங் மீனை வெங்காயம் தூவிச் சாப்பிடுவார்கள். மீன் கொபாவின் பொறுப்பு. படகுத்துறையில் கயிற்றை அவிழ்த்துப் படகில் எறிவதும் அவர் பொறுப்பு. கயிற்றை அவிழ்க்கிறவர் கரையில்தான் நின்றாக வேண்டும். அதனால் கொபா ஒரு வருஷமும் அந்தப் படகில் போனதில்லை. ஐஸ் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு சாலை வழியாகப் போய், படகுக்கு முன்பே அங்கே நிற்பார்.

அவருடைய ஒரே மகள் மார்லேன், மண் இயக்கவியல் படித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கத் தலைவராக வந்தாள். வீட்டில் அம்மா என்பாள். கூட்டத்தில் கொபா என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதுதான் முறை என்று நினைத்தாள்.

முதல் வருஷப் பயணத்தில் அவள் வண்டல் படிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வளைவில் படகின் சங்கு இரண்டு முறை நீளமாக ஊதியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு வாக்கியம் விட்டுப்போனது. அடுத்த பயணத்தில், அதாவது போன வருஷம், படகோட்டி க்ரெய்னைக் கூப்பிட்டு, உரை நடக்கும்போது ஆபத்து இருந்தாலொழிய சங்கு ஊதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். உரை நன்றாகப் போனது. மீன்தான் வரவில்லை. எல்லாரும் கால்சட்டைப் பையில் கைவிட்டு நின்று அலுத்த பிறகு கொபாவின் கார் வந்தது.

“கொபா, இத்தன பேர் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. வருஷா வருஷம் செய்யற வேலதானே?” என்றாள் மார்லேன், அத்தனை பேர் முன்னால்.

“ரயில்வே கேட்டப் போட்டுட்டான்” என்றார் கொபா. வெங்காயம் நறுக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு சங்கத்தில் யார் தாமதமாக வந்தாலும் அதுவே கேலியானது. என்னய்யா, ரயில்வே கேட்டா என்பார்கள். கொபாவும் சேர்ந்து சிரிப்பார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் கொபா மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, டோர்ட்ரெக்ட் மருத்துவமனையில் கண் திறக்காமலே இறந்துபோனார்.

இந்த ஜூனில், பயணத்தை ஒரு நிமிட மௌனத்தோடு தொடங்குவதென்று முடிவாயிற்று. மார்லேன்தான் அம்மாவைப் பற்றி நான்கு வரி பேச வேண்டும். எழுதி வைத்திருந்தாள். அயராத உழைப்பு என்று ஒரு சொல் அதில் இருந்தது. மீன் பெட்டிகள் அம்மாவின் காரிலேயே ஏறியிருந்தன. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஃபென்னா ஓட்டிப்போக வேண்டியது.

துறையில் க்ரெய்ன் மார்லேனிடம் வந்தார். அவள் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே தெரிந்தவர்.

“என்ன தலைவரே, இந்த வருஷமும் சங்கு கூடாதா?”

“பேச்சு நடக்கறப்ப வேணாம் மாமா.”

“அதுவும் சரிதான். ஊதுனாலும் கேக்க ஆள் இல்ல.”

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவருக்குச் சொல்ல விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் சொன்னார். கொபா வேலைக்கு வந்த புதிதில் க்ரெய்ன்தான் விளையாட்டாகச் சொன்னாராம்: படகில் ஏறாவிட்டால் என்ன, பழைய செங்கல் சூளை வளைவில் வந்து நில், உனக்கு ஒரு மரியாதை செய்துவிட்டுப் போகிறேன் என்று. அன்றிலிருந்து கொபா வளைவில் காரை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பார். க்ரெய்ன் இரண்டு முறை சங்கு ஊதுவார். கொபா கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் காரை எடுப்பார்.

“போன வருஷமும் நின்னா. அடிச்சா. நான் கையக் கட்டிக்கிட்டு நின்னேன். மறுபடி அடிச்சா. படகு தாண்டிப் போயும் அங்கேயேதான் நின்னா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“மறுநாள் வந்து கேட்டா. உத்தரவுன்னேன். அப்படியா, அவ பேசறது முக்கியம் க்ரெய்ன், நீ போய் எதையும் சொல்லி வைக்காதேன்னுட்டா.”

மார்லேன் அம்மாவின் காரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா பெரிய ரோட்டுலதானே போவாங்க? ரயில்வே கேட்டுன்னு…”

“என்னைக்கும் அணைக்கரை ரோடுதான். அந்த ரோட்டுல ஏது பொண்ணே ரயிலு?”

அவள் ஃபென்னாவிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டு, நீ படகில் ஏறு என்றாள். துணைத் தலைவர் யூஸ்ட் காரணம் கேட்டார். அஞ்சலிக்கு மௌனம் மட்டும் போதும், கீழ்க்கூடத்து உரையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எழுதிய தாள் பையிலேயே இருந்தது.

அவள் அவிழ்த்த கயிறு நனைந்து கனத்தது. முதல் முறை எறிந்தது தண்ணீரில் விழுந்தது. மேல்தளத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் முறை க்ரெய்ன் பிடித்துக்கொண்டார்.

“வளைவுல ஊதட்டுமா?” என்று கேட்டார்.

“வேணாம் மாமா. உத்தரவு அப்படியே இருக்கட்டும்.”

அணைக்கரைச் சாலை ஆற்றை ஒட்டியே ஓடியது. ஆனால் பட்டறைகளும் வீடுகளும் ஆற்றை மறைத்தன. சூளை வளைவில் மட்டும் தண்ணீர் சட்டென்று திறந்தது. காரை ஓரம் கட்டினாள். மீன் வாசமும் அம்மாவின் கைக்களிம்பு வாசமும் கலந்து அடித்தன.

படகு வந்தது. கீழ்க்கூடத்து ஜன்னல்களில் பின்தலைகள் தெரிந்தன. போன வருஷம் அந்தத் தலைகளுக்கு எதிரே நின்றவள் அவள். வெளிச்சமான ஜன்னல்களை நேராகப் பார்த்தபடி பேசியவள். கரையில் நின்ற காரைப் பார்த்திருக்க முடியும்.

இரண்டு முறை ஹாரன் அடித்தாள்.

க்ரெய்ன் கைகளைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்து நின்றார். மறுபடி அடித்தாள். உள்ளே போய் உட்கார வேண்டும் என்று தெரியாத ஃபென்னா மட்டும் கம்பியோரம் நின்று, யாருக்கென்று தெரியாமல் கையசைத்தாள். பிறகு படகின் முதுகு தெரிந்தது. பிறகு அலை வந்து கல்லில் மோதியது. அதுவும் அடங்கியது.

பின்னால் ஐஸ் உருகிப் பெட்டிக்குள் நீர் தளும்பியது. கிளம்ப வேண்டும் என்று தெரிந்தது. அவளால் சாவியைத் திருப்ப முடியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கால்சட்டைப் பையில் கைவிட்டு நின்றிருந்தார்கள். யூஸ்ட் சிரித்துக்கொண்டே வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

“என்ன மார்லேன், ரயில்வே கேட்டா?”

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, முகம் சுருங்கியது.

“ஆமா” என்றாள் மார்லேன். “கேட்டப் போட்டுட்டான்.”

பலகையை எடுத்துப் போட்டு வெங்காயம் நறுக்கத் தொடங்கினாள்.