மேவிஸின் முதல் எஞ்சின்

மேவிஸ் அக்ராய்டைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு மனம் வராது. ஆனால் எங்கள் கீத்லி ஊரில் அவள் கதையை என்னைப்போல் அறிந்தவன் வேறு யாரும் இல்லை. பன்னிரண்டு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு வேலை. ஒருநாள் உருளைக்கிழங்குத் தோல் சீவும் இயந்திரம் நின்றுவிட்டது. சரிசெய்பவன் மூன்று வாரமாக வரவில்லை. இவளே ஸ்பானரை எடுத்து எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டாள். அன்று பிடித்தது பித்து. மூடப்போகும் சைக்கிள் கடையிலிருந்து தேய்ந்துபோன சின்ன லேத் ஒன்றை, உலோகம் கடையும் இயந்திரத்தை, வாங்கி, துணி துவைக்கும் அறையில் இறக்கினாள். ஐம்பத்து மூன்று வயதில்!

நான் சிரித்தேன். சிரிக்க எனக்கு உரிமை இருந்தது. பொழுதுபோக்காகச் சின்ன எஞ்சின்கள் செய்யும் எங்கள் சங்கத்திலேயே பெரிய பட்டறை என்னுடையது. ஒன்பது வருடமாகத் தயார்ப்படுத்திக்கொண்டிருக்கிறேன். லேத்துக்கு உளி வேண்டும், உளியைத் தீட்ட ஒரு தாங்கி வேண்டும், தாங்கியைச் செய்ய இன்னொரு கருவி வேண்டும். அத்தனையும் என் கையால் செய்து, வரிசையாக ஆணியில் மாட்டியிருந்தேன்.

மேவிஸ் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாம் அழகாத்தான் இருக்கு வில்ஃப். இத வச்சு என்ன செஞ்சீங்க?"

"கருவி செஞ்சேன்."

"அந்தக் கருவிய வச்சு?"

"பட்டறை இன்னும் முடியலையே."

"சட்டிய வெளக்கிக்கிட்டே இருந்தா சமைக்கிறது எப்ப, ராசா?" என்று சிரித்துவிட்டுப் போனாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் மாதம் மூன்று உளிகளை உடைத்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உளி முனை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று பெரிய மனசோடு சொல்லியும் கொடுத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. குளிர்காலம் முடிவதற்குள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு எஞ்சினைச் செய்து முடித்துவிட்டாள். பித்தளைக் கம்பியைக் கடைந்து சிலிண்டர். பழைய தராசுப் படிக்கல்லைக் கடைந்து சக்கரம்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேவிஸைப் போலப் புதிதாகச் சேர்ந்தவர் தன் முதல் எஞ்சினை எல்லோர் முன்னாலும், நீராவிக்குப் பதில் அழுத்தக் காற்று வரும் குழாயில் மாட்டி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால்தான் சுவர்ப் பலகையில் பெயர் ஏறும். ஒன்பது வருடமாகியும் அந்தப் பலகையில் என் பெயர் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மேவிஸ் எஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"வியாழக்கெழம ஓட்டணும். உங்க காத்து மெஷின்ல ஒரு தடவ மாட்டிப் பாக்கலாமா?"

"அது பழுதாக் கெடக்கு," என்றேன். பொய்.

"அப்ப கண்ணாலயாவது பாத்துச் சொல்லுங்க."

அரை மணி நேரம் பார்த்தேன். இந்த வகை எஞ்சினில் சிலிண்டரே இப்படியும் அப்படியும் ஆட வேண்டும். அதைத் தகட்டோடு அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங் உண்டு. மேவிஸ் அந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாள். நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும்.

"நல்லா இருக்கு. அப்படியே கொண்டு போங்க," என்றேன்.

வியாழக்கிழமை சங்கத்தில் முப்பது பேர் கூடியிருந்தோம். காற்றைத் திறந்தார்கள். எஞ்சின் அசையவில்லை. மேவிஸ் விரலால் சக்கரத்தைத் தட்டிவிட்டாள். அரை வட்டம் போய் நின்றது.

"படிக்கல்லு பாருங்க, பழக்கதோஷத்துல எடை போட்டுக்கிட்டு நிக்குது!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். மேவிஸுக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"பரவாயில்ல மேவிஸ், அடுத்த வருஷம் பாப்போம்," என்றார் தலைவர் ஹெப்டன். "வில்ஃப், நீங்க ஒரு பார்வ பாருங்களேன்."

"அவர ஏன் கேக்கறீங்க?" என்றான் அதே வாய்க்கொழுப்புக்காரன். "ஆணியில மாட்டுற வேல இருந்தா அவரக் கூப்பிடலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போனேன். ஸ்பானரை வாங்கி நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினேன். சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றது. கூடம் முழுக்கக் கைதட்டல்.

"பாத்த ஒடனே புடிச்சிட்டாரேய்யா!" என்றார் ஹெப்டன்.

மேவிஸ் எஞ்சினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்த ஒடனேயா? செவ்வாக்கெழம இதையே அரை மணி நேரம் கையில வச்சுக்கிட்டு இருந்தாரு."

கைதட்டல் நின்றது. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹெப்டன் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியலையா, வில்ஃப்?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒன்றும் தெரியாதவன் என்று முப்பது பேர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள், அவ்வளவுதான்.

"தெரிஞ்சுது," என்றேன்.