பாதி செட்டு

ஆடித் திருவிழாவில் ஒரே நிறத் துணி உடுத்தி, வேஷம் கட்டி, பம்பைக்கு ஆடிக்கொண்டே அம்மனுக்கு முன்னால் ஊர்வலம் போகும் கூட்டத்தை எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் செட்டு என்போம். கோஷ்டி என்றால் பஜனை பாடுகிறவர்கள். குழு என்றால் வங்கிக் கடன் வாங்கிய பெண்கள். செட்டு மட்டும் ஆண்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்த சொல்லாக இருந்தது. மேட்டுத் தெரு செட்டு, ஸ்டேஷன் செட்டு என்று மைக்கில் கூப்பிட்டதும் அவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பால்குடத்தோடு பின்னால் போகும் எங்களுக்கு மைக்கில் கிடைத்ததெல்லாம், "தாய்மார்கள் கொஞ்சம் ஓரமா வாங்க" என்பதுதான்.

மைக் பிடிப்பவர் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். சென்ற வருஷம் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன்.

"இன்னாண்ணா, நாங்க ஆடிக்கினு வந்தா செட்டுன்னு கூப்புடுவீங்களா?"

"இருவது பேரும் ஒரே பக்கம் திரும்புனா தாம்மா செட்டு. ஆளுக்கொரு பக்கம் போனா அது சந்தைக் கூட்டம்."

பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே ஆள் சேர்த்தேன்.

என்னைச் சேர்க்காமல் சரியாக இருபது பேர் சேர்ந்தார்கள். முதல் ஷிப்டில் பத்து, இரண்டாவது ஷிப்டில் பத்து. அவர்கள் உள்ளே போகும்போது நாங்கள் வெளியே வருவோம், ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. இருக்கும்; சேர்ந்து பழக நாளே இல்லை. பேக்கிங்கில் இருக்கும் அக்கா எங்கள் பத்துப் பேரையும் தன் பின்னால் நிறுத்தி அடவு சொல்லிக்கொடுத்தார். அவர் ஆடுவதை நானே எதிரில் நின்று செல்போனில் பிடித்து மற்ற பத்துப் பேருக்கும் அனுப்பினேன். அவர்களும் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகினார்கள்.

திருவிழா அன்று மாலைதான் இருபது பேரும் முதல்முறையாக ஒன்றாக நின்றோம். எல்லோருக்கும் அரக்கு நிறப் புடவை. இடது வரிசையில் எங்கள் ஷிப்ட், வலது வரிசையில் அவர்கள். நடுவில் காளி வேஷத்தில் நான். என் குணத்துக்குப் பொருத்தம் பார்த்துக் கொடுத்தார்களாம். பல்லில் கடித்துக்கொள்ள அட்டையில் ஒரு சிவப்பு நாக்கு.

மைக் மேடைக்கு முன்னால் பம்பை வேகம் எடுத்தது. திரும்ப வேண்டிய இடம். எங்கள் பத்துப் பேரும் வலப்பக்கம் திரும்பினார்கள். அந்தப் பத்துப் பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள். மூக்கோடு மூக்கு முட்டாத குறை. எதிரில் நின்று நான் பிடித்த படத்தில் அக்காவின் வலது கை இடப்பக்கம் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கத்தலாம் என்றால் வாயில் நாக்கு!

பம்பைக்காரர் நிறுத்தவில்லை. எதிரெதிரே நின்றவர்கள் ஒரு நொடி முழித்தார்கள்; பிறகு ஒருத்தி சிரித்துவிட்டு எதிரில் இருந்தவளின் கையில் தட்டினாள். அவ்வளவுதான், இரண்டு வரிசையும் கும்மி அடிக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்த அடவுக்கு விலகினார்கள், மறுபடி சேர்ந்து தட்டினார்கள். கூட்டம் விசில் அடித்தது. நான் மேடையையே பார்த்தேன். டிரைவர் மைக்கைக் கீழே இறக்கிவிட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை செட்டு என்று கூப்பிடவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. காளி அழுதால் நன்றாகவா இருக்கும் என்று நாக்கை இறுக்கிக் கடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன். வண்டி எடுக்குமுன் "லேடீஸ்லாம் ஏறியாச்சா?" என்று கேட்பது அவர் வழக்கம். அன்று கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

"செட்டு ஏறியாச்சா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"பாதி செட்டு தாண்ணா ஏறிகீது. மீதி பாதி செகண்ட் ஷிப்ட்ல வரும்."