மரத்தைச் சுற்றிப் பனியை மிதிப்பது

சைமி தன் கணவன் தைஸ்தோவைப் பார்த்துக்கொண்ட விதத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. நுர்மெஸ் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பராமரிக்கும் வேலையில் காலமெல்லாம் கழித்தவள். முதுகில் புண் வராமல் புரட்டிவிடவும், புரையேறாமல் கஞ்சி ஊட்டவும், சாகிறவர்களிடம் பொய் சொல்லாமல் பேசவும் முறையாகக் கற்றவள். ஓய்வு பெற்றபின் அந்தக் கல்வியெல்லாம் சொந்த வீட்டுக் கட்டிலுக்கே தேவைப்பட்டது. இலையுதிர் காலத்தில் தைஸ்தோவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியவை மூன்றே சொற்கள்: ஆமா, இல்ல, சனியன். மூன்றாவதுதான் சுத்தமாக வந்தது.

கட்டிலை அவள் தெற்கு ஜன்னலோரம் போட்டாள். அங்கிருந்து ஆப்பிள் மரம் தெரியும்.

அந்த முற்றம் தைஸ்தோ போட்டது. கல்யாணமாகி வந்தபோது பியெலினென் ஏரியின் காற்று நேராக வந்து அறைகிற மொட்டை வயலாக இருந்தது. காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டியவனுக்குத் தோட்டக்கலை எதுவும் தெரியாது. ஆனால் ஒரு குளிர்காலம் முழுக்க ஒன்றும் நடாமல் பனி எங்கே குவிகிறது, எங்கே முதலில் கரைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தான். காற்று வரும் வடக்குப் பக்கம் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மர வரிசை. கூரைப் பனி சரிந்து விழும் இடத்தில் எதுவும் கிடையாது. டிராக்டர் தள்ளும் பனிக்கு என்று ஒரு மூலை. முதலில் கரைந்த இடத்தில் ஆப்பிள். மரம் பெருத்தபின் அடியில் சுற்றியிருந்த கம்பி வலை இறுக்குகிறது என்று வெட்டி எறிந்தான்.

பனி பெய்து நின்றதும் அவன் வெளியே போய் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தரை இறுகும்வரை மிதிப்பான். வீட்டுக்குள் சிகரெட்டுக்குத் தடை போட்டிருந்த சைமி, இது புகைக்கப் போவதற்கு ஒரு சாக்கு என்றுதான் எண்ணியிருந்தாள். கேட்டதில்லை. மணவாழ்க்கையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அவன் படுத்த அந்த ஆண்டு மரத்தையும் அவளே கவனித்தாள். குளிரில் வாடுமே என்று அடியில் கனமாக வைக்கோல் போட்டு, மேலே ஸ்ப்ரூஸ் கிளைகளை அடுக்கி, நோயாளியைப் போர்த்துவதுபோல் இடுக்கு விடாமல் செருகினாள். அதன்மேல் பனி விழுந்தது. ஜனவரியில் தைஸ்தோவுக்கு நெஞ்சுச்சளி முற்றி, பிழைப்பானா என்றிருந்தது. மரத்தை நினைக்க நேரமில்லை.

ஏப்ரல் கடைசியில் பனி இறங்கியபோது வைக்கோலை விலக்கினாள். அடிமரம் வெள்ளை வெளேரென்றிருந்தது. முழங்கால் உயரத்துக்குச் சுற்றிலும் பட்டையே இல்லை. வைக்கோலுக்குள் எலிக்கூடுகள்.

வழி சீராக்க வந்த பக்கத்துப் பண்ணை என்சியோ டிராக்டரை விட்டு இறங்கிப் பார்த்தான்.

“குட்டைவால் எலி. நீ மெத்தை போட்டு வரவேத்திருக்க சைமி. காப்பி மட்டுந்தான் குடுக்கல.”

“மரத்துக்குக் குளிருமேன்னு...”

“அதுக்கென்ன குளிரு? பனிய மிதிச்சுக் கல்லாக்கினா எலியால அடியில வழி தோண்ட முடியாது. அதுக்குத்தானே அவன் மிதிப்பான்.”

சைமி உரிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். “பிழைக்குமா?”

“சுத்தி உரிஞ்சா இலையிலேருந்து வர்ற சத்து வேருக்கு இறங்காது. செத்துரும். பாலம் போடலாம். அதே மரத்துக் குச்சிய வெட்டி, காயத்துக்குக் கீழயும் மேலயும் பட்டைக்குள்ள செருகணும். எங்க மரத்துக்கு தைஸ்தோதான் போட்டான். எனக்கு வராது, எனக்கு விறகு பிளக்கத்தான் வரும்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். “அவன்கிட்ட சொல்லாத. இருக்கிற உசிரும் போயிரும்.”

அவள் குச்சிகளை வெட்டி ஈரத்துணியில் சுற்றி, துளிர்த்துவிடாதபடி, சவுனா என்ற நீராவிக் குளியலறையின் நிழலில் மிச்சமிருந்த பனிக்குள் புதைத்தாள். உள்ளே வந்து, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லி ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

தைஸ்தோ திரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கஞ்சிக் கரண்டியை நீட்டியபோது வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. இடது கையால் திரையைக் காட்டி, “சனியன்” என்றான்.

எத்தனையோ வீடுகளில், நோயாளியிடம் மறைக்காதீர்கள் என்று உறவுக்காரர்களைக் கண்டித்தவள் அவள். திரையை விலக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“மரத்தை எலி தின்னுருச்சு. வைக்கோல் போட்டது நான்தான். நீ சிகரெட் குடிக்கப் போறன்னு நெனச்சேன், மிதிக்கறது எதுக்குன்னு தெரியல. குச்சி வெட்டி வெச்சிருக்கேன். பாலம் எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாது.”

அவன் நெடுநேரம் வெளியே பார்த்தான். பிறகு கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினான். கத்தி.

பிர்ச் மரத்து இலைகள் எலிக்காது அளவுக்கு விரிந்ததும் பட்டை கழன்று கொடுக்கும். அதுவரை காத்திருந்தார்கள். அன்று காலை சைமி சாப்பாட்டுத் தட்டில் குச்சிகளையும் அவனுடைய கத்தியையும் வைத்துக் கொண்டுவந்தாள். குச்சியை அவள் பிடித்துக்கொள்ள, அவன் இடது கையால் சீவினான். முதல் குச்சி பாழாயிற்று. இரண்டாவதில் கத்தி வழுக்கி அவள் பெருவிரலைக் கீறியது.

“குடு, நான் சீவறேன்.”

“இல்ல.”

“கை நடுங்குது உனக்கு.”

“ஆமா.” கத்தியைத் தரவில்லை.

மழுங்கல் கரண்டியைக்கூட அவன் கையில் அவள் கொடுத்ததில்லை. கொட்டிக்கொள்வான், மாற்ற வேண்டும், நேரமாகும். குளிர்காலம் முழுக்க அவளே ஊட்டினாள். இப்போது போர்வைமேல் சுருள் சுருளாகச் சீவல் விழ, நீண்ட சாய்வான வெட்டு ஒன்று சரியாக வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு குச்சியை அசையாமல் பிடித்தாள். ஒன்றை அவள் தலைகீழாக வைத்தபோது மொட்டைத் தட்டிக் காட்டினான். மொட்டு மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும். மறுபடியும் தவறினாள்.

“சனியன்.”

“தெரியுது, தெரியுது. சும்மா இரு.”

என்சியோ ஈர மண்ணில் பலகைகளைப் பரப்பி, சக்கர நாற்காலியை மரத்தடிக்குத் தள்ளினான். “முதலாளி வந்தாச்சு, வேலை நடக்கட்டும்” என்றான். சைமி மண்டியிட்டுப் பட்டையைக் கீறிச் செருகி, சிறு ஆணி அடித்து, மெழுகு பூசினாள். ஆமா, இல்ல என்று மேலிருந்து உத்தரவு வந்தது. மதியம் தைஸ்தோ கரண்டியை வாங்கித் தானே சாப்பிட்டான். பாதி சட்டையில் விழுந்தது. அவள் சட்டையை மாற்றினாள், கரண்டியைத் திரும்ப வாங்கவில்லை.

ஜூனில் மரம் பூத்தது. எப்போதையும்விட அதிகமாகப் பூத்தது. என்சியோ ஜன்னலருகே வந்து பிழைச்சிருச்சு என்றான். தைஸ்தோ “இல்ல” என்றான். சைமிக்கும் தெரியும். பட்டை போன மரம் சேர்த்துவைத்த சத்தில் ஒருமுறை பூக்கும். கடைசி வாரத்தில் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்ட நோயாளிகளை அவள் பார்த்திருக்கிறாள். பாலம் பிடித்ததா என்பது அடுத்த வசந்தத்தில்தான் தெரியும்.

தைஸ்தோ அதுவரை இருக்கவில்லை. ஆகஸ்டில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. சொந்தக் கட்டிலில், ஜன்னலைப் பார்த்தபடி போனான்.

முதல் பனி கனமாக விழுந்த மறுநாள், என்சியோ டிராக்டரோடு வந்தபோது, சைமி தைஸ்தோவின் பழைய வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி மிதித்துக்கொண்டிருந்தாள். குச்சிகளில் இரண்டு சற்றுப் பருத்திருந்தன. மற்றவை கருகியிருந்தன.

“ரெண்டு போதுமா?” என்றாள்.

“போதலாம். இந்தக் குளிர் தாண்டணும்.”

கோட்டுப் பையில் ஏதோ தட்டுப்பட, எடுத்தாள். நசுங்கிய சிகரெட் பெட்டி. பாதி காலி.

“அப்போ நான் நெனச்சதும் தப்பில்ல” என்றாள்.

என்சியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவள் பெட்டியைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, மிதிக்காமல் விட்ட பக்கத்துக்கு நகர்ந்தாள். பனி குதிகாலின் கீழ் நொறுங்கி இறுகியது.