மூங்கில்குழியின் உப்பு மூன்று விதம்

வாய்மொழி வழக்கங்களைத் திரட்டும் தொழிலில் ஒரே கேள்வியை மூவரிடம் கேட்டால் நான்கு விடைகள் கிடைக்கும். நான்காவது விடை, முதலாமவர் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வது. என்னைப் போலவே குறிப்பேடும் மைக்கூடுமாக அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு ஆயுளைக் கழிக்கும் அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் எங்களுக்காகச் சற்று இரங்கினால் போதும்.

பினாங்கில், சூலியா தெருவை ஒட்டிய ஒரு சந்தின் மாடி அறையில் நான் குடியிருந்த காலம் அது. அந்தத் தீவிலுள்ள கொடிமலைக்கு ரயில் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நாள் மூங்கில்குழியார் ஐந்தாறு பேர் படியேறி வந்தனர். மூங்கில்குழி என்பது தென்னாட்டின் மேற்கு மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு பள்ளத்தாக்கு. நடுவே ஓர் ஓடை. அதன் கிழக்குக் கரையில் ஓர் ஊர், மேற்குக் கரையில் ஓர் ஊர், ஓடை பிறக்கும் உச்சியில் தலைமேடு என்றொரு சிற்றூர். அங்கிருந்து கப்பலேறி வந்தவர்கள் பினாங்கிலும், கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமிலும் பிழைத்துவந்தனர். இங்கே பிறந்த பிள்ளைகள் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. ஆகவே அதன் நிலம், பிழைப்பு, வழக்கம் மூன்றையும் ஒரு நூலாக எழுதித் தர வேண்டும் என்றனர்.

ஒப்புக்கொண்டேன். யார் எதைச் சொன்னாலும் அதை ஒரு பாடமாகக் கொண்டு, ஒன்றையும் தள்ளாமல், ஒன்றையும் திருத்தாமல், அருகருகே எழுதிவைப்பது என் முறை. அந்த முறையால் பொன்னி என்ற பெண்ணின் திருமணம் நின்றுபோக இருந்ததையே கீழே சொல்லப்போகிறேன்.

எவ்வளவு தூரம்

முதலில் நான் அணுகியது பொன்னியின் தகப்பனார் சடையாண்டியை. மாட்டுவண்டி ஓட்டுபவர், கிழக்குக் கரைக்காரர். சமவெளியிலிருந்து பள்ளத்தாக்குக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பன்னிரண்டு தோள்" என்றார். சுமையை ஒரு தோளில் வைத்து, வலி தாங்காமல் மறு தோளுக்கு மாற்றும்வரை நடக்கும் தூரம் ஒரு தோளாம். எந்தச் சுமைக்கு என்று கேட்டேன். உப்போடு ஏறினால் பன்னிரண்டு, தேனோடு இறங்கினால் ஒன்பது என்றார்.

வெறுங்கையோடு போனால் எத்தனை என்று கேட்டேன். உப்பு, தேன், கடுக்காய், மிளகு, நோயாளி என்று எதையாவது சுமக்காமல் அந்தப் பாதையில் யாரும் நடந்ததாக அவருக்கு நினைவில்லை. நானும் விடவில்லை. கடைசியில் என்னை இரக்கத்தோடு பார்த்துச் சொன்னார்: "சும்மா போறவனுக்கு எதுக்குங்கய்யா தூரம்? அவன் எங்க இருந்தாலும் ஒண்ணுதானே!"

சூரியன் யாருக்கு

மேற்குக் கரையின் பாடத்துக்காகப் படகேறிப் பாகான் டாலாமுக்குப் போனேன். அங்கே மாரியக்கா நான்கு பசுக்களை வைத்துப் பால் விற்றுவந்தார். பால் கறந்தபடியே பள்ளத்தாக்கின் பொருளாதாரம் முழுவதையும் சொல்லி முடித்தார். காலை வெயில் முதலில் விழுவது மேற்குக் கரையில். ஆகவே அவர்கள் கேழ்வரகு முதலில் காயும். முதலில் காய்ந்ததால் முதலில் இறங்கி உப்பு வாங்குவார்கள். கிழக்குக் கரை மலை நிழலில் கிடப்பதால் அங்கே தேனீக்களும் தாமதமாக எழும், மனிதர்களும் தாமதமாக எழுவார்கள்.

சடையாண்டி இதை வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டதும் கொதித்தார். சூரியன் உதிப்பது கிழக்கே. கிழக்குக் கரைக்குத்தான் முதல் வெயில். நான் தாளில் இரண்டு மலைகளையும் வரைந்து, கிழக்கு மலைக்குப் பின்னால் சூரியனை வைத்து, அதன் நிழல் அவருடைய ஊர்மேல் விழுவதைக் காட்டினேன். தாளை வெளிச்சத்தில் பிடித்து, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார். "படம் சரிதாங்கய்யா. சூரியனத்தான் தப்பான எடத்துல போட்டுருக்கீங்க."

கீழே வைக்கக் கூடாது

மூங்கில்குழியில் எல்லாம் விளையும், உப்பைத் தவிர. ஒரு படி உப்புக்கு இரண்டு படி தேன் கொடுப்பார்கள். ஆகவே மணமகன் சமவெளிக்கு இறங்கி, ஒரு மூட்டை உப்பு வாங்கி, மலையைத் தாண்டிப் பெண் வீட்டு வாசலில் சேர்க்க வேண்டும். கிழக்குக் கரைப் பாடத்தின்படி வழியில் எங்கும் மூட்டையைத் தரையில் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த ஆண்டு கல்யாணம் இல்லை. எழுதிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துச் சடையாண்டி ஓர் இளைஞனோடு வந்தார். துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கும் கதிர்வேல். அவனுக்கும் பொன்னிக்கும் தை மாதத்தில் திருமணம் பேசியிருந்தனர். இந்த மண்ணில் பிறந்த மூங்கில்குழிப் பிள்ளைகளுக்குள் முதல் திருமணம்; அது நூலில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்பது சடையாண்டியின் முடிவு. பினாங்கில் எந்தக் கடையிலும் உப்பு கிடைக்குமே, கடைக்கும் பெண் வீட்டுக்கும் நடுவே மலை எதுவும் இல்லையே, மூன்று தெருக்கள்தானே என்றேன். அதையும் அவர் யோசித்திருந்தார். கதிர்வேல் உப்போடு கொடிமலை உச்சிவரை ஏறி, மறுபடி இறங்கி, பெண் வீட்டுக்கு வரவேண்டும். தவறினால் அடுத்த கப்பலில் பொன்னியைப் பள்ளத்தாக்குக்கே அழைத்துப் போய்த் தம் தங்கை மகனுக்குக் கட்டிவைப்பார். பொன்னிக்கும் கதிர்வேலுக்கும் ஏற்கெனவே மனம் ஒத்துப்போயிருந்தது என்பதை அவன் முகமே சொன்னது. கதவோரம் நின்றவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "வருசம் பூரா மூட்டைதான் தூக்குறேன், ஐயா. கல்யாணத்துக்காவது லீவு கெடையாதா?"

ஏழு இடத்தில் வைக்க வேண்டும்

தாயில்லாத கதிர்வேலை வளர்த்த அத்தை மாரியக்காதான். செய்தி எட்டியதும் படகேறி வந்துவிட்டார். மேற்குக் கரையில் உப்பை ஏழு இடங்களில் இறக்கிவைத்து, ஒவ்வோர் இடத்திலும் எதிரே வரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொடுக்க வேண்டும். இறக்காமல் கொண்டுபோகிறவன் கஞ்சன். அவன் பெண்டாட்டிக்குச் சோறு போடமாட்டான். இதையும் எழுதிக்கொண்டேன், எழுதாமல் எப்படி?

பிழை என்னுடையது. அடுத்த முறை சடையாண்டி வந்தபோது இரண்டு பாடங்களையும் வாசித்துக் காட்டினேன். நூலில் இரண்டு பாடம் இருந்தால் படிப்பவர் ஒன்றை ஏற்கலாம், மற்றதை அறிந்துகொள்ளலாம் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அவர் அப்படிப் பார்க்கவில்லை. நூலில் இரண்டு இருந்தால் செய்ய வேண்டியதும் இரண்டு. ஒரே உப்பை எப்படித் தரையில் வைக்கவும் செய்து, வைக்காமலும் இருப்பது என்று கேட்டேன். அவர் ஒரு கணமும் தயங்கவில்லை. "ஒரு மூட்டை தலையில. இன்னொரு மூட்டை கையில. தலையும் கையும் வேற வேறதானே?"

மாமனுக்கு உரிய இடம்

மூன்றாவது பாடத்தை நான் தேடிப் போகவில்லை. அதுவே மூச்சிரைக்க என் மாடிப்படி ஏறி வந்தது. பொன்னியின் தாய்மாமன் பெரியகருப்பன், தலைமேட்டுக்காரர், சூலியா தெரு உணவுக்கடை ஒன்றில் சமையற்காரர். தாம் சமைப்பதை முதலில் தாமே உண்டு பார்க்கும் நேர்மை அவர் உடலில் தெரிந்தது. தலைமேட்டில் தாய்மாமனும் மாப்பிள்ளையும் ஒரே சமயத்தில் உச்சியை அடைய வேண்டுமாம். பாதையோ ஒருவர் நடக்கும் அகலம். ஆகவே கடைசி ஏற்றத்தில் மாப்பிள்ளை மாமனை முதுகில் சுமப்பார். காரணத்தோடு கூடிய வழக்கம், மறுக்க இடமில்லை. ஓரத்தில் 'சொல்பவரே பயன் பெறுபவர்' என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் கதிர்வேல் தனியே வந்து அந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிடும்படி கெஞ்சினான். கேட்ட பாடத்தை அழிக்கும் உரிமை எனக்கில்லை என்று சொன்னேன். சொன்ன பிறகு அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மாலையில் கடைக்குப் போய்ப் பெரியகருப்பனையே கேட்டேன்: நீங்களாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா? அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "கவலப்படாதீங்க ஐயா. அன்னிக்குக் காலையில நான் இட்லி கொறைச்சுத்தான் சாப்பிடுவேன்."

கயிற்று வண்டி

மலை ரயிலில் ஏறினால் என்ன என்று கதிர்வேல் கேட்டான். இதற்காக என் அறையில் சபையே கூடியது. பள்ளத்தாக்கில் மட்டக்குதிரைமேல் சுமை ஏற்றுவது உண்டு என்றார் மாரியக்கா. ரயில் புல் தின்னாது, ஆகவே அது குதிரை ஆகாது என்றார் சடையாண்டி. தின்னாத ஒன்று உழைக்கிறதென்றால் அது குதிரையைவிட மேல் என்றார் பெரியகருப்பன். அவருக்கும் உட்கார இருக்கை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முடிவில் எல்லாரும் என்னைப் பார்த்தனர். ரயிலைப் பற்றி எந்தப் பாடமும் பேசவில்லை என்றேன். நூல் பேசாததால் ரயில் கூடாது என்று அதற்குப் பொருள் கொண்டார்கள்.

சடையாண்டி அதோடு விடவில்லை. மறுநாளே மலையடிவாரத்துக்குப் போய், ரயில் எப்படி ஏறுகிறதென்று நேரில் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பை உறுதி செய்தார். "அது எங்கய்யா ஏறுது? கயிறு கட்டி மேல இருந்து இழுக்குறான். கெணத்துல இருந்து வர்ற வாளிய, மலையேறி வந்துச்சுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?"

உச்சியில்

திருமணத்துக்கு முதல் நாள் விடிந்ததும் முப்பது பேர் கொடிமலை அடிவாரத்தில் கூடினோம். கதிர்வேல் தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு பை. மணப்பெண் வரலாமா கூடாதா என்று எந்தப் பாடத்திலும் இல்லை. ஆகவே பொன்னியும் வந்தாள். முதல் நிறுத்தத்தில் பையை இறக்கி, காய்கறிக் கூடைகளோடு இறங்கி வந்த சீனத் தோட்டக்காரருக்கு ஒரு கைப்பிடி உப்பு கொடுத்தான். அவர் அதை முகர்ந்து பார்த்து, இவர்கள் எதையோ விற்கிறார்கள் என்றெண்ணி ஒரு கட்டுக் கீரையைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏழாவது நிறுத்தத்தில் ஆளே வரவில்லை; அரை மணி காத்திருந்தோம். கடைசியில் மேலேயிருந்து ஒரு வங்காளிக் காவலாளி இறங்கி வந்தார். பை காலியானது. கடைசி வளைவில் பெரியகருப்பன் முதுகில் ஏறினார். கதிர்வேல் ஒரு கையால் தலைமூட்டையையும் மறு கையால் மாமனின் காலையும் பிடித்தபடி ஏறினான். சடையாண்டி பின்னாலிருந்து, "வச்சிராத! வச்சிராத!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

உச்சியில் பெரியகருப்பனின் கடை ஆட்கள் முன்பே வந்து சோறும் சாம்பாரும் கொதிக்க வைத்திருந்தனர். குளிர், எல்லாருக்கும் கொலைப்பசி. பெரியகருப்பன் முதுகில் இருந்தபடியே ஒரு சொட்டுச் சாம்பாரைக் கையில் வாங்கி நக்கிப் பார்த்தார். முகம் மாறியது. கடையிலிருந்து எல்லாம் வந்திருந்தது. உப்பு மட்டும் வரவில்லை. பையிலிருந்த உப்பு வழிப்போக்கர்களுக்குப் போய்விட்டது. மீதி இருந்தது கதிர்வேல் தலைமேல்; அதுவோ வாசல் சேரும்வரை கீழே இறங்கக் கூடாத உப்பு. கீழே ஆளனுப்பலாம் என்றார் ஒருவர். வர மாலையாகும் என்றார் மற்றொருவர். உப்பில்லாமலே சாப்பிடலாம் என்றார் சடையாண்டி. ஒரு வாய் உண்டு பார்த்தார். இரண்டாவது வாய் உண்ணவில்லை.

பொன்னி அரிவாள்மனையை எடுத்துவந்தாள். கதிர்வேலைக் குனியச் சொல்லி மூட்டையின் மூலையைக் கிழித்து, அடியில் அகப்பையைப் பிடித்து, கொட்டிய உப்பை நேராகச் சாம்பாரில் போட்டுக் கிளறினாள்.

"ஏய், என்ன காரியம் பண்ற!" என்றார் சடையாண்டி.

"மூட்டைய எங்கப்பா கீழ வச்சேன்? அவர் தலையிலதான் இருக்கு. என் வாசல்ல சேரணும்னுதானே சொன்னீங்க? நான் ஆக்குற அடுப்புதான் என் வாசல். மாமா, நீங்க எறங்குங்க. சோறு ஆறுது."

பெரியகருப்பன் அவ்வளவு விரைவாக இறங்கியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. எல்லாரும் உட்கார்ந்து உண்டார்கள். கதிர்வேல் மட்டும் யாரும் சொல்லாததால் மூட்டையோடு நின்றபடியே உண்டான். சடையாண்டி இரண்டாம் முறை சாம்பார் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, இந்தப் புள்ள செஞ்சது எந்தக் கரை வழக்கம்? நூல்ல இருக்கா?"

பக்கங்களைப் புரட்டினேன். இல்லை. இல்லையென்று சொன்னால் அந்தப் பெண்ணுக்குக் கப்பல் காத்திருக்கிறது. பிறர் சொல்லாத எதையும் அதுவரை நான் எழுதியதில்லை. என் தயக்கத்தைக் கண்ட பொன்னி பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "நான் சொல்றேன், எழுதிக்குங்க ஐயா. இது பினாங்குக் கரை."

எழுதினேன். சொன்னவர் பொன்னி, வயது பத்தொன்பது, பள்ளத்தாக்கைக் கண்டதில்லை. மை உலரும்வரை சடையாண்டி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நூல்ல ஏறிருச்சு! நாளைக்கு முகூர்த்தம். யாராவது அந்த மாப்பிள்ள தலையில இருந்து மூட்டைய எறக்குங்கப்பா!"

இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் கண்டது, வழக்கங்களுக்கு எடையே கிடையாது, எழுதுகிறவனுக்கு.