எக்ஸ்ரே அக்காவின் ஐந்து லென்ஸ்கள்

மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த எலும்பு டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பதினெட்டு வருடமாக முறிந்த கை கால்களைப் படம் பிடித்தது போதாதென்று, ஓய்வு நாளிலும் ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகிறவளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவள் கணவர் கணக்கு வாத்தியார். "எலும்பெல்லாம் எடுத்து முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

கேமரா பழைய ஃபிலிம் கேமரா. அந்தக் கம்பெனியே செய்த ஜூம் லென்ஸ் வேண்டுமென்றால் மூன்று மாதச் சம்பளம் போகும். அதனால் கடைத்தெரு ஸ்டுடியோக்காரர் பழைய சாமான்களோடு போட்டு வைத்திருக்கும் வேறு கம்பெனி லென்ஸ்களாகப் பார்த்து வாங்கினாள். "மூடி வேற பாத்திரத்தோடதுதான் அக்கா. ஆனா மூடும்" என்பார் அவர்.

மூடியது, ஏதோ ஒருவிதமாக. முதல் லென்ஸைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், ஜூம் குழல் தானாக வழுக்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். இரண்டாவதன் உள்ளே பூஞ்சை. எடுத்த படமெல்லாம் பாலில் முக்கி எடுத்தது போல வந்தது. பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். மலிவு லென்ஸில் ஒளி நுழையும் வாயைச் சுருக்கினால்தான் படம் தெளியும், வாயைச் சுருக்கினால் வெளிச்சம் போதாது, ஆகவே உச்சி வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்ற ஞானம் எல்லாம் அப்படி வந்ததுதான்.

லென்ஸ் சோதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். அதில் பாதிதான் உண்மை. மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகம். அங்கே நிற்கும் கிரேன்களில் மூன்றாவதை ஓட்டுகிறவர் அவளுடைய அண்ணன். மதியச் சாப்பாட்டுக்கும் கீழே இறங்காமல் கேபினிலேயே உட்கார்ந்திருப்பவர். இருவருக்கும் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது.

தப்பு அவள் மேல்தான். அம்மா இறந்த அன்று, சரக்கைப் பாதியில் தொங்கவிட்டு வர முடியாமல் அண்ணன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வாசலிலேயே, அத்தனை பேர் முன்னால், "நீ நேரத்துக்கு வந்திருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க" என்றாள். அது பொய். அம்மாவின் நெஞ்சைப் படம் எடுத்தவளே அவள்தான். பிழைக்க மாட்டார் என்பது பத்து நாள் முன்பே தெரியும். அண்ணன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை கிளம்பி, தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

மூன்றாவது லென்ஸில் எடுத்த படத்தில்தான் அந்தக் கை விழுந்தது. எள்ளளவு கேபின், அதன் பக்கவாட்டுக் கண்ணாடி, உள்ளே ஒரு உருவம், மேலே தூக்கிய கை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். படத்தைக் கணவரிடம் ஓடிப்போய்க் காட்டினாள்.

"அண்ணன் எனக்குக் கையாட்டுது பாருங்க."

வாத்தியார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "மச்சான் கண்ணாடி துடைக்கிறார்மா."

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. கையாட்டுகிறார் என்றால் நேரே போய்க் காலில் விழுந்துவிடலாம். துடைக்கிறார் என்றால் எந்த முகத்தோடு போவது? நாலாவது லென்ஸ் வாங்கினாள். கேபினை இன்னும் கிட்டே கொண்டுவந்தது, ஆனால் குழைந்த சோறு மாதிரி கொண்டுவந்தது. ஐந்தாவது ஒரு கிலோ கனம். அதிலும் கை இருந்தது, விரல் பிரிந்து தெரியவில்லை.

"லென்ஸைத் திட்டாதீங்க அக்கா" என்றார் ஸ்டுடியோக்காரர். "உச்சி வெயில்ல காத்தே அலையுது. எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் இப்படித்தான். காலையில எடுத்துப் பாருங்க."

காலையில் அண்ணன் கீழே பார்த்து வேலை செய்துகொண்டிருப்பார். கையைத் தூக்க மாட்டார். பிறகு எதற்கு எடுப்பது? இப்படியே ஒரு வாரம் குழம்பினாள். கடைசியில் அவள் தொழில்தான் கைகொடுத்தது. முறிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் முன்னாலிருந்து ஒரு படம் போதாது, வேறு பக்கம் திருப்பி இன்னொன்று எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவளே ஆயிரம் முறை சொன்ன சங்கதி. தனக்கென்று வரும்போது ஐந்து லென்ஸ் வாங்கி ஒரே பக்கத்தையே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள்.

மருத்துவமனை துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். காலை ஷிஃப்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய், நாலாவது மாடி ஜன்னலில் ஐந்தாவது லென்ஸைத் தாங்கவைத்து, கேபினின் மறுபக்கத்தை எடுத்தாள். காற்று அலையவில்லை. படம் கத்தி மாதிரி வந்தது.

அந்தப் பக்கக் கண்ணாடியில் ஒன்றுமே தெரியவில்லை. புழுதி, அதன் மேல் பறவை எச்சம், அதன் மேல் மழை வழிந்த கோடுகள். வருடக்கணக்கில் துணி படாத கண்ணாடி. உள்ளே ஆள் இருக்கிறாரா என்றுகூடச் சொல்ல முடியாது.

இரண்டு படங்களையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். வாத்தியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேலைக்கு முன்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் பார்க்கணும். ரெண்டு பக்கவாட்டும் அவருக்குத் தேவையே இல்ல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "துடைக்கிறார்னு நான் சொன்னது சரிதான். எதுக்கு நம்ம வீட்டுப் பக்கத்தை மட்டும் துடைக்கிறார்னு நான்தான் யோசிக்கல" என்றார்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும் நேரம் பார்த்துத் துறைமுக கேட்டில் போய் நின்றாள். கேமரா எடுத்துப் போகவில்லை. அண்ணன் கூட்டத்தோடு வந்தார். முன்னந்தலையில் முடி போயிருந்தது. எந்த லென்ஸிலும் அது தெரிந்திருக்கவில்லை. அவளைப் பார்த்ததும் நின்றார். கூட வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள்.

"அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது பொய். அம்மா பொழைக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"மத்தியானம் மாடியில நிக்கிறப்போ செருப்பு போட்டுக்க" என்றார். "சூடு பொறுக்காம நீ கால மாத்தி மாத்தி வைக்கிறத அங்கேருந்து என்னால பார்க்க முடியல."